எந்த நாளில் கெட்டது?

நல்லதாக இருந்த ஒன்று கெட்டுவிட்டது என்று தெரிய வரும்போது, 'இது எந்த நாளில் கெட்டது?' என்று கேட்பது மனித இயல்பு. புயலில் விழுந்த மரத்திற்கு நாள் சொல்ல முடியும். மறைந்த மனிதருக்குத் திதி உண்டு. ஆனால் உலகில் நிகழும் பெரும்பாலான அழிவுகளுக்குத் திதி கிடையாது. ஒரு நட்பு எந்தக் கிழமையில் வற்றியது, ஒரு பள்ளியின் நற்பெயர் எந்த ஆண்டில் மங்கியது, ஒருவருடைய ஜபம் எந்தக் காலையில் வெறும் உதட்டசைவாயிற்று என்பதை அவரவரால்கூடச் சொல்ல முடிவதில்லை. கெட்டுவிட்டது என்பது மட்டும் ஒரு நாள் தெரிகிறது. அதற்குள் வெகு காலம் கடந்துவிடுகிறது.

நாள் தெரியாத குற்றத்திற்குக் குற்றவாளி உண்டா? ஒவ்வொரு அடியும் அற்பமாக இருந்து, முடிவு மட்டும் பெரிதாக இருக்குமானால், யாரை எதற்காகப் பொறுப்பாக்குவது? நீதி சாஸ்திரம் ஆராயும் வினாக்களில் இது கடினமான ஒன்று. இதைப் பெரிய சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியை வைத்து ஆராய்பவர்கள் உண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. அன்றாடம் நம் கண்முன் நடக்கும் எளிய எடுத்துக்காட்டு ஒன்று போதும். அது தெருமுனையில் இருக்கும் ஓர் உணவகம்.

உப்பங்கழியைத் தாண்டி வந்த இலை

மும்பைத் தமிழர்களின் வரலாற்றை உணவகங்களை விட்டுவிட்டு எழுத இயலாது. 1896இல் அந்நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பு ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் காற்றோட்டமான குடியிருப்புகளும் அதன் திட்டத்தால் உருவாயின. அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் வேலை செய்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932இல் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1940இல் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வந்தது. 1942இல் ஏ. ராம நாயக் என்பவர் மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கைத் தொடங்கினார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த இளைஞனுக்கு அங்கே விரிக்கப்பட்ட வாழையிலை, வயிற்றை நிரப்பியதோடு, 'நீ அநாதையல்ல' என்றும் சொல்லிற்று.

அடுத்த தலைமுறை செம்பூருக்குச் சென்றது. அதற்கும் அடுத்த தலைமுறை தாணே உப்பங்கழியைத் தாண்டியது. 1970இல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டு, கழிக்கு அப்பால் நவி மும்பை எழுந்தது. 1992இல் பாலத்தின் மேல் ரயில் வாஷியை எட்டியது. பின்னர் நெருளுக்கும் நீண்டது. மாட்டுங்காவில் தோன்றிய அதே கல்விச் சங்கம் நெருளிலும் வளாகம் அமைத்தது. கோயிலும் பள்ளியும் வந்த இடத்தில் காப்பிக் கடையும் வந்தது. இம்மூன்றும் கூடினால்தான் நம்மவருக்கு ஒரு குடியேற்றம் ஊராகிறது.

நெருளில் அப்படியொரு சிறிய உணவகம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை. செம்பூரில் இருப்பவரும் தாராவியில் இருப்பவரும், மதுரையிலோ தில்லியிலோ இருப்பவரும், தாம் அறிந்த ஒரு பெயரை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

முதலாளி விடியுமுன்பே வந்துவிடுவார். முதல் ஈடு இட்லி இறங்கியதும் ஒன்றைத் தாமே பிட்டுத் தின்று பார்ப்பார். கூட்டம் ஏறும் நேரத்தில் கல்லாவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இலைகளை வழித்துப் போடும் தொட்டியருகில் சற்று நேரம் நிற்பார். திரும்பி வரும் இலையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. நான்கு இலைகளில் சட்னி மிஞ்சியிருந்தால் உள்ளே போய்ச் சரக்கு மாஸ்டரிடம் கேட்பார். வாய்விட்டுக் குறை சொல்லக் கூச்சப்படுபவரின் குறையையும் அவர் இலை சொல்லிவிடும். ஓய்வு பெற்றவர்கள் அங்கே காலைப் பத்திரிகை படித்தார்கள். மனைவியை இழந்து தனியே வாழ்ந்த பெரியவர் ஒருவர் இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பிட்டார். ஊரில் அந்தக் கடைக்கு இருந்தது வெறும் வியாபாரப் பெயர் அல்ல, அது அன்பு.

ஒரு கோடையில் தேங்காய் விலை ஏறியது. 'இந்த மாதம் மட்டும்' என்று சொல்லி, சட்னியில் பொட்டுக்கடலையின் அளவைச் சிறிது கூட்டினார்கள். யாரும் கவனிக்கவில்லை. விலை இறங்கிற்று, பழைய அளவு திரும்பவில்லை. அடுத்து, கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு மேல் சாம்பாரில் ஒரு குடம் வெந்நீர் சேர்ந்தது. சில மாதங்களில் எல்லாக் கிழமைகளும் ஞாயிறாயின. பழைய சரக்கு மாஸ்டர் சம்பள உயர்வு கேட்டார். கிடைக்காததால் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பாதிச் சம்பளத்தில் இன்னொருவர் வந்தார். கிளை ஒன்று திறந்ததால் முதலாளிக்குத் தொட்டியருகில் நிற்க நேரமில்லை. சமையலறை சுருங்கச் சுருங்க, பலகையில் பண்டங்களின் பட்டியல் நீண்டது: பாவ் பாஜி, நூடுல்ஸ், பனீர் தோசை. ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன ஆயிற்று இந்தக் கடைக்கு?" என்று கேட்டபோதுதான் உள்ளூர்க்காரர்கள் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

எந்த நாளில் கெட்டது?

மணற்குவியல் சொல்லும் பொய்

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் பெயரால் ஒரு புதிர் வழங்கி வருகிறது. மணற்குவியல் ஒன்றிலிருந்து ஒரு மணலை எடுத்துவிட்டால் அது குவியலாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. ஒரு மணல் குறைவதால் மட்டும் ஒரு குவியல் குவியலல்லாமல் ஆகாது என்றால், கடைசியில் ஒரே ஒரு மணல் மிஞ்சும்போதும் அதைக் குவியல் என்றே சொல்ல வேண்டியதாகும். எங்கோ தவறு இருக்கிறது. ஆனால் எந்தப் படியில் என்று காட்ட முடியவில்லை.

தர்க்க வல்லுநர்கள் இப்புதிருக்கு இன்றும் விடை தேடுகிறார்கள். ஆனால் நமது உணவகத்து முதலாளி தர்க்கம் படிக்காமலேயே இதைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறார். 'ஒரு குடம் வெந்நீரால் சாம்பார் கெட்டுவிடுமா?' கெடாது. 'இன்னும் அரைக் குடத்தால்?' கெடாது. ஒவ்வொரு பதிலும் உண்மை. எல்லா உண்மைகளும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யாகின்றன. நாமும் இதே தர்க்கத்தை நாள்தோறும் பயன்படுத்துகிறோம். இன்று ஒருநாள் தாமதமாக எழுந்தால் என்ன? இந்த ஒரு கணக்கில் ஒரு பூஜ்யத்தை மாற்றினால் என்ன? தாய்க்கு இந்த வாரம் கடிதம் எழுதாவிட்டால் என்ன? எதனாலும் எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஆனால் எல்லாம் கெட்டுவிடுகிறது.

இந்த மயக்கத்திலிருந்து விடுபட இரண்டு உண்மைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எல்லை தெளிவாக இல்லாததால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாது. பகல் எந்த விநாடியில் இரவாகிறது என்று எவராலும் காட்ட முடியாது. அதற்காகப் பகலும் இரவும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. நீர்த்த சாம்பாரும் நல்ல சாம்பாரும் வேறு வேறு என்பதற்கு எல்லைக்கோடு தேவையில்லை, நாக்கு போதும்.

இரண்டாவது உண்மை இதைவிட முக்கியமானது. பொறுப்பை எல்லைக்கோட்டில் தேடுவதே தவறு. பொறுப்பு எந்த அளவைத் தாண்டினோம் என்பதில் இல்லை. எந்தத் திசையில் நடக்கிறோம் என்பதில் இருக்கிறது. தேங்காய் விலை ஏறியபோது பொட்டுக்கடலையைக் கூட்டியது பாவமன்று. கஷ்ட காலத்தில் யாரும் செய்வதே. விலை இறங்கிய பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாதிருந்தார்களே, அங்கேதான் ஏதோ நிகழ்ந்தது. விதிவிலக்கு விதியாயிற்று. அன்று யாரும் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டார்கள். நாள் குறிக்க முடியாததன் காரணமும் அதுதான்: செய்த செயலுக்கு நாள் உண்டு, செய்யாமல் விட்டதற்கு நாள் இல்லை.

நழுவிய பந்து

செய்யாமல் விடுதல் என்னும் இந்தக் குற்றத்திற்கு நம் முன்னோர்கள் 'பிரமாதம்' என்று பெயரிட்டார்கள். இன்றைய பேச்சுத் தமிழில் இச்சொல் 'அற்புதம்' என்ற பொருளில் வழங்குவது ஒரு விநோதம். வடமொழியில் இதன் பொருள் கவனக்குறைவு, மறதி, தவறவிடுதல் என்பதாகும். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், திருதராஷ்டிரனுக்கு உபதேசிக்கும் ஸநத்ஸுஜாதர் மரணத்தையே இதனோடு ஒன்றாக்கிக் காட்டுகிறார். ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியில் இதற்கு ஓர் உவமை வருகிறது. மாடிப்படியில் கைதவறிய விளையாட்டுப் பந்தின் உவமை அது. லட்சியத்தைவிட்டு மனம் சற்றே விலகினாலும் அந்தப் பந்தின் கதிதான் என்பது கருத்து. அந்தப் பந்தை யாரும் வீசி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடித்திருந்த கை தளர்ந்தது, அவ்வளவே. அதன்பின் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழிகாட்டுகிறது.

திருவள்ளுவர் இதைப் பொருட்பாலில் வைத்தது சிந்திக்கத்தக்கது. ஐம்பத்து நான்காம் அதிகாரமாகிய பொச்சாவாமை, மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதியைப் பற்றிப் பேசுகிறது. அளவுகடந்த வெகுளியைவிட மகிழ்ச்சியில் வரும் மறதி தீயது என்பதே அதன் முதற்குறள். நமது உணவகத்தின் கதையும் இதற்குச் சான்று. கடை தள்ளாடிய ஆரம்ப நாட்களில் முதலாளி தொட்டியருகில் நின்றார். கூட்டம் நிரம்பி வழிந்து, கிளை திறக்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தபோதுதான் நிற்க நேரமில்லாமல் போயிற்று. அவரை வறுமை கெடுக்கவில்லை. 'நம் கடைக்கு எப்படியும் வருவார்கள்' என்ற நிச்சயம் கெடுத்தது. ஊரார் தம்மீது கொண்ட அன்பை அவர் நிரந்தர வைப்பு நிதியாக எண்ணினார். அன்பு அப்படிப்பட்டதன்று. அது தினமும் சம்பாதிக்க வேண்டிய கூலி.

சுருங்குவது வேறு, நீர்த்துப் போவது வேறு

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'எல்லாவற்றையும் முதலாளியின் தலையில் சுமத்துவதா? வாடகை ஏறுகிறது. எரிவாயு விலை ஏறுகிறது. அடுப்பின் முன் நிற்க ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள். காலத்தை எதிர்த்து யார் நிற்க முடியும்?' என்று கேட்கலாம்.

உண்மைதான். மும்பையின் இரானிக் கடைகளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் தெருமுனைகளில் அவற்றைத் தொடங்கினார்கள். பளிங்கு மேசைகளும் வளைந்த மர நாற்காலிகளும், தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியுமாக ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் விளங்கிய அக்கடைகள், இன்று சில பத்துகளாகக் குறைந்துவிட்டன. தோபி தலாவில் புகழ்பெற்றிருந்த பஸ்தானி 2004இல் மூடப்பட்டது. மனையின் மதிப்பு உயர்ந்தது. அடுத்த தலைமுறை வேறு தொழில்களை நாடியது. இதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

சென்னையில் கதீட்ரல் சாலையில் கே. கிருஷ்ணராவ் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகமும் அப்படித்தான். மரங்களின் நிழலில் காரை நிறுத்திச் சிற்றுண்டி உண்ட இரண்டு மூன்று தலைமுறைகள் அதை நேசித்தன. வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில் அது நடந்தது. நிலத்தை அரசு மீட்டபோது, 2008இல் உணவகம் மூடப்பட்டது. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அது ஒரு முடிவு, வருந்தத்தக்க முடிவுதான். ஆனால் அதை ஒழுக்கத்தின் வீழ்ச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே முடிவதும் கெடுவதும் ஒன்றல்ல. பிறந்தது எதுவும் முடிந்தே தீரும், அதில் அவமானமில்லை. குறைந்துபோவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சுருங்குவது, மற்றொன்று நீர்த்துப் போவது. இருபது பண்டம் செய்து வந்தவர், 'இனி எட்டுதான் செய்ய முடியும்' என்று எட்டை நன்றாகச் செய்வாரானால் அது சுருங்குதல். 'இனி மாலையில் கடை இல்லை' என்று அறிவிப்பது சுருங்குதல். 'நாளை முதல் இட்லி இரண்டு ரூபாய் கூடுதல்' என்று பலகையில் எழுதி வைப்பதும் அதே நேர்மையைச் சேர்ந்தது. இவை எல்லாவற்றிலும் குறைவு கண்ணுக்குத் தெரிகிறது. வருபவர் ஏற்கலாம், மறுக்கலாம். இருபதையும் இருபதாகவே காட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீரைச் சேர்ப்பது நீர்த்தல். அங்கே பெயர் பழையது, பொருள் புதியது. பழைய பெயரின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையைச் செலவழித்துப் புதிய சரக்கு விற்கப்படுகிறது. காலம் ஒருவரைச் சுருங்கும்படி கட்டாயப்படுத்தலாம். நீர்த்துப் போகும்படி எந்தக் காலமும் கட்டாயப்படுத்துவதில்லை.

பெங்களூரில் 1924இல் பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை, பின்னாளில் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ், எம்.டி.ஆர். என்று புகழ்பெற்றது. 1951இல் மையா ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களின் தூய்மை முறைகளைக் கண்டு வந்து, தமது சமையலறையில் நடைமுறைப்படுத்தினார். 1975இல் நெருக்கடி நிலை வந்தது. உணவகங்கள் மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அந்த விலைக்கு அந்தத் தரத்தைத் தர இயலாது. நமது தெருமுனை முதலாளியின் வழி அவர்களுக்கும் திறந்தே இருந்தது. தரத்தைக் குறைத்துவிட்டு, சட்டத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், ஊரும் ஏற்றிருக்கும். அவர்களோ உணவகத்தை மூடினார்கள். மாவு வகைகளையும் பொடி வகைகளையும் பொட்டலமிட்டு விற்றுப் பிழைத்தார்கள். நிலைமை மாறிய பின் உணவகம் மீண்டும் திறக்கப்பட்டது. மூடிய கடையைத் திறக்க முடிகிறது. நீர்த்த பெயரைக் கெட்டியாக்குவது அவ்வளவு எளிதன்று.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1936இல் மும்பை சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. நாடெங்கும் பரவிய அந்த நிலையங்களை 1950களில் காப்பி வாரியம் மூடத் தீர்மானித்தபோது, வேலையிழந்த பரிமாறுநர்களும் சமையற்காரர்களும் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் தோன்றியது. பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. நிர்வாகம் கைவிட்டதைத் தொழிலாளர்கள் ஏற்று நடத்தினார்கள். அவற்றுள் பலவும் இன்று பழைய பொலிவில் இல்லை. ஆயினும் 'கவனிக்க வேண்டியது முதலாளி மட்டுமே' என்று எண்ணுபவர்களுக்கு அவை ஒரு பாடம். தம்முடையது என்று எவர் கருதுகிறாரோ அவரே ஒன்றைக் காப்பாற்றுகிறார்.

சாப்பிட்டவரின் கடமை

இப்போது வினா நம் பக்கம் திரும்புகிறது. வாடிக்கையாளர்களாகிய நாம் என்ன செய்தோம்?

மனைவியை இழந்த அந்தப் பெரியவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் அவர் பேசவில்லை. 'இத்தனை வருடம் அன்னமிட்ட கை; அதைக் குறை சொல்வதா?' என்பது அவருடைய எண்ணம். இது நல்ல மனத்தின் எண்ணம்தான். ஆனால் சரியான எண்ணமா? அன்னத்தைப் பிரம்மமாகப் போற்றும் உபதேசம் தைத்திரீய உபநிஷதத்தில் இருக்கிறது. அன்னத்தைப் பழிக்கலாகாது என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இலையில் விழுந்ததை முகம் சுளிக்காமல் உண்பது ஒரு தவம். ஆனால் நாம் சுளிக்காமல் இருக்க வேண்டியது அன்னத்தைப் பார்த்து. அன்னத்தில் கலக்கும் அலட்சியத்தைப் பார்த்து அல்ல. அன்னத்தை மதிப்பவனுக்கே அதை அவமதிப்பது கண்ணில் படும். அவன் வாய் மூடியிருந்தால், அந்த மௌனம் அன்னத்திற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் சத்தமின்றி வேறு கடைக்குச் சென்றார்கள். சிலர் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பழித்தார்கள். கல்லாவில், "எல்லாம் நன்றாக இருந்ததா?" என்ற கேள்விக்கு எல்லோரும், "பேஷ்!" என்றே பதில் சொன்னார்கள். இன்று கைப்பேசியில் முகமறியாத உலகத்திற்கு நட்சத்திரக் குறியிட்டு ஒரு கடையைத் தூற்றுபவர்கூட, இரண்டடி தூரத்தில் நிற்கும் முதலாளியிடம் தணிந்த குரலில், 'ஐயா, சாம்பார் முன்போல் இல்லை' என்று சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லி, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமலிருப்பது விமரிசனமாகாது. செய்ந்நன்றி என்பது புகழ்ச்சியில் முடிவதில்லை. நன்றியுள்ளவன் தனிமையில், காலத்தில், திருத்தக் கூடியவரிடம், திருந்த வேண்டும் என்ற விருப்பத்தோடு சொல்கிறான். நோயை மறைக்கும் உறவினர் நோயாளிக்கு நண்பர் ஆகமாட்டார்.

இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. அந்த முதலாளி ஒரு காலத்தில் நேர்மையாக விலையேற்றிப் பார்த்தார். பலகையில் இரண்டு ரூபாய் கூடிய அன்று கடையில் சண்டை நடந்தது. 'கொள்ளையடிக்கிறாயா?' என்று கேட்டார்கள். சாம்பாரில் வெந்நீர் கூடிய அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் எதைக் கற்றுக்கொண்டிருப்பார்? கண்ணுக்குத் தெரியும் குறையைத் தண்டித்து, தெரியாத குறையைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம், தனக்கு உணவிடுபவர்களுக்கு மறைக்கக் கற்றுத் தருகிறது. விலையைப் பற்றி மட்டும் பேரம் பேசி, தரத்தைப் பற்றி மௌனம் சாதிக்கும் பெற்றோர் பள்ளியையும், நோயாளிகள் மருத்துவத்தையும், பக்தர்கள் கோயிலையும் இவ்வாறே நீர்க்கச் செய்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் போன்ற சட்டங்கள் நஞ்சைத் தடுக்கும், அவசியமானவையே. ஆனால் பருப்பு குறைந்த சாம்பாரை எந்தச் சட்டமும் தண்டிக்காது. சட்டம் முடியும் இடத்திலிருந்து தர்மம் தொடங்குகிறது. அந்தத் தர்மம் விற்பவருக்கு மட்டும் உரியதன்று.

அணையாத அடுப்பு

வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருவதாகப் போற்றப்படுகிறது. பசித்தோருக்கு உணவு நின்றதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த இந்தத் தொடர்ச்சியை நாம் வியந்து பேசுகிறோம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகள் எரியும் நெருப்பு என்று ஒன்று இயற்கையில் இல்லை. ஒரு கட்டை சில நாழிகை எரியும், பின் சாம்பலாகும். யாரோ ஒருவர் ஒவ்வொரு வேளையும் குனிந்து இன்னொரு கட்டையைத் தள்ளியிருக்கிறார். அவர் ஒருநாள், 'இன்று ஒரு வேளைதானே' என்று எண்ணியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அன்றோடு முடிந்திருக்கும். நிலைத்திருப்பது என்பது ஒரே செயல் நீடிப்பதன்று; சிறு செயல் ஒன்று மறுபடியும் மறுபடியும் செய்யப்படுவது. மாட்டுங்காவில் 1942 முதல் விரிக்கப்பட்டு வரும் இலைக்கும் இதே இரகசியம்தான்.

அப்படியானால் 'எந்த நாளில் கெட்டது?' என்ற வினாவின் விடை இதுவே: கெடுவதற்குத் தனி நாள் கிடையாது, காப்பதற்குத் தனி நாள் இல்லாததால். கெட்ட நாளைக் கண்டுபிடிக்க முடியாமை குற்றத்தை அழித்துவிடவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் பங்கிட்டுவிட்டது. இதில் அச்சத்தோடு ஆறுதலும் உண்டு. கெட்டது ஒரே நாளில் அல்ல என்றால், திரும்பத் தொடங்க எந்த நாளும் தகும். பழைய அளவு என்னவென்று நினைவில் இருக்கும்வரை அந்த வழி திறந்திருக்கிறது. அளவே மறந்துவிட்டால்தான் கடினம்.

நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அடுப்பை நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒருவருக்கு அது வகுப்பறை. ஒருவருக்கு அலுவலக மேசை. ஒருவருக்கு வயதான பெற்றோரைக் கவனிக்கும் கடமை. ஒருவருக்கு அதிகாலையில் அமரும் ஆசனம். நம் கையிலிருந்து சென்றது பிறரிடமிருந்து எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறோமா? மாணவனின் கண்ணில், மனுக்கொடுத்துக் காத்திருப்பவரின் முகத்தில், தாயின் பதிலில்லாத மௌனத்தில், ஆசனத்திலிருந்து எழும்போது நம் மனம் இருக்கும் நிலையில், உண்ணப்படாமல் மிஞ்சியது என்ன என்பது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கச் சிறப்பான கல்வி தேவையில்லை. கூட்டம் மிகுந்த நேரத்திலும், கல்லாவைச் சற்று மறந்து, தொட்டியருகில் ஒரு நிமிடம் நிற்கும் மனம் போதும்.